அட்ஜஸ்ட் பண்ணச் சொல்லாதே

சின்னமனூர்,
ஞாயிறு காலை

அன்பு மகள் யுவராணிக்கு,

நானும் உன் அம்மாவும் சுகம். டப்ளின் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் இருமல் சளி இல்லாமல் இருக்கிறீர்களா? போனில் பேசினால் பாதியிலேயே குறுக்கே விழுவாய் என்றுதான் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன், முழுக்கப் படி. நேற்று உன் அம்மாவிடம், சித்தப்பா பாவம், அப்பாவைக் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கச் சொல்லும்மா என்றாயாம். நான் கல்லூரியில் படித்த இங்கிலீஷில் அந்தச் சொல்லுக்குப் பொருந்துகிற மாதிரி சரிசெய்வது என்று பொருள். மோட்டார் மெக்கானிக் வாயில் இன்றும் அதுதான். கம்பம் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நாலாவதாக இடுப்பை நுழைக்கிறவர் சொன்னால், நகர்ந்து உட்கார். உன் கல்யாணப் பந்தியில் பாயசம் தீர்ந்ததும் சமையல்காரர் சொன்னாரே, அதற்கு வாயை மூடு என்று அர்த்தம். நம் குடும்பத்தில் மட்டும் ஒரே அர்த்தம், இந்தச் சங்கரலிங்கம் விட்டுக்கொடுப்பான்.

பொதுக் கிணற்றில் திங்கள் முதல் புதன் வரை தண்ணீர் முறை நமக்கு, வியாழன் முதல் சனி வரை உன் சித்தப்பா சின்னச்சாமிக்கு, ஞாயிறு மாறி மாறி. போன வருஷம், வாழை வாடுதுண்ணே, இந்த ஒரு புதன் மட்டும் அட்ஜஸ்ட் பண்ணுங்க என்று வந்தான். கொடுத்தேன். அடுத்த புதனும் அவனே மோட்டாரைப் போட்டான். இப்படி ஒன்பது புதன். நம் திராட்சை பூத்திருந்த நேரம், பாதிக்குப் பாதி உதிர்ந்துபோனது. கேட்டதற்கு, அண்ணன் படிச்சவுக, இதைப் போயி பெருசு பண்ணுறாகளே என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். இப்போது புதனை நிரந்தரமாகவே கேட்கிறான். முடியாது என்றேன். உடனே உனக்குப் போன் போட்டிருக்கிறான், உன் கல்யாணத்துக்குச் சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் வந்தவன்.

கவாத்து வெட்டி முடிந்து திராட்சைக் கொடி துளிர்த்திருக்கிறது. புதன் தண்ணீரை விட்டால் இந்த விளைச்சலும் போச்சு. வருகிற புதன் காலை ஆறு மணிக்கு நான்தான் மோட்டாரைப் போடுவேன். வியாழன் அவன் முறையில் ஒரு நிமிஷம்கூடத் தொடமாட்டேன். கிணத்து மேட்டுல ரெண்டு பேரும் கட்டிப் புரளப் போறீகளா என்கிறாள் உன் அம்மா. புரண்டாலும் சரி.

நீயும் ஆபீஸில் மாதக்கணக்காக மற்றவர்களின் சனிக்கிழமை வேலையை வாங்கிப் பார்க்கிறாய், கேட்டால் அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டேன்ப்பா என்கிறாய். அது என்னிடமிருந்து தொற்றியது. இந்த வாரம் முடியாது என்று சொல்லிப் பார், ஒன்றும் இடிந்து விழாது.

நல்லா இரு ஆத்தா, மாப்பிள்ளைக்கும் என் ஆசீர்வாதம். சித்தப்பா மறுபடி கூப்பிட்டால், அப்பாகிட்டயே பேசுங்க என்று வைத்துவிடு. புதன் முடியும்வரை சமாதானம் சொல்ல எனக்குப் போன் பண்ணாதே. வியாழன் பண்ணு, தண்ணீர் கடைசிக் கொடிவரை பாய்ந்ததா என்று கேள்.

உன் அப்பா,
ப. சங்கரலிங்கம்