நான் கூப்பிடாத மூன்றாவது தடவை

இன்று மத்தியானம் பெய்த மழையில் என் சாக்குக் கால்சட்டை நனைந்தது. நனைந்ததும் துறைமுகம் வந்துவிட்டது. தார், கொப்பரை, எலி மூத்திரம், உப்புத் தண்ணீர் எல்லாம் சேர்ந்த அந்த வாசம், கடலிலிருந்து இத்தனை தூரத்தில், ரப்பர் மரங்களுக்கு நடுவில், என் பின்பக்கத்திலிருந்து கிளம்பியது. வேறு எவனாவது என்றால் மூக்கைப் பொத்தியிருப்பான். நான் மழை விடும்வரை மோந்துகொண்டே நின்றேன், மச்சான்.

ஒரே சாக்கை ஆளுக்குப் பாதியாக வெட்டித் தைத்தோமே, ஞாபகம் இருக்கிறதா? சாக்கின் நடுவில் பெரிய நங்கூரம் அச்சடித்திருந்தது. வெட்டியபோது அதுவும் இரண்டாகப் போனது. எனக்கு இடது கொக்கி, உனக்கு வலது கொக்கி. நாம் பக்கத்தில் பக்கத்தில் குனிந்தால்தான் முழு நங்கூரம் தெரியும். ஜப்பான் சிப்பாய்க்கு முன்னால் குனிந்து வணக்கம் வைக்கும்போதெல்லாம் பின்னால் நிற்கிறவர்களுக்குச் சிரிப்பை அடக்க முடியாது. "அவனுக்கு மரியாத, சனங்களுக்குக் கப்பல்" என்பாய் நீ, நிமிராமலே.

இப்போது என்னிடம் ஒரு கொக்கிதான் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு எந்தக் கப்பலையும் நிறுத்த முடியாது.

நம் தோட்டத்து வழக்கத்தை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்லாமல் மேலே போக எனக்கு வரவில்லை. பொழுது சாய்ந்த பிறகு வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் முதல் தடவைக்குப் பதில் கிடையாது. இரண்டாவது தடவைக்கும் கிடையாது. மூன்றாவது தடவையும் கூப்பிட்டால்தான் கதவு திறக்கும். செத்துத் திரிகிறவர்கள் இரண்டு தடவைதான் கூப்பிடுவார்களாம். மூன்றாவதுக்கு அவர்களுக்கு மூச்சு இருக்காதாம். லயத்து வரிசை வீடுகளில் பிறந்த பிள்ளை நடக்கப் பழகும் முன் இதைப் பழகிவிடும்.

மற்றவர்களுக்கு அது பயம், எனக்கோ அது பிழைப்பு. எவர் குரலும் என் தொண்டைக்கு வரும் என்பதால்தானே தோட்டமே என்னைக் கிளி என்றது? கணக்கு எழுதுகிற கிராணியின் குரலில் கங்காணி வீட்டு வாசலில் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு வேலிக்குப் பின்னால் பதுங்கினேன். உள்ளே விபூதி டப்பா உருண்டது. பிறகு நிஜக் கிராணியே வந்து நின்று கூப்பிட, எது எத்தனையாவது என்று கணக்குத் தப்பிப் போன கங்காணி விடியும்வரை கதவைத் திறக்கவில்லை. நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததில் வேலி ஆடியது.

ஒரே ஒரு குரல்தான் எனக்கு வரவில்லை. உன்னுடையது. என்னைவிட இரண்டு வயது மூத்தவன் நீ. உன் குரல் உடைந்து, கனத்து, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆகிவிட்டது. எனக்கு அப்போதும் கீச்சுக்குரல்தான். எவ்வளவு அமுக்கிப் பார்த்தாலும் தவளைதான் வந்தது.

"என் குரலுக்கு உனக்கு இன்னும் வயசு வரலடா கிளி. வந்ததும் எடுத்துக்க. நானா வேணாங்குறேன்?" என்றாய்.

இந்த ஒரு பேச்சை நீ பேசாமல் இருந்திருக்கலாம்.

நம்மைச் சிங்கப்பூருக்கு அனுப்பியது உன் அம்மாதான். ரப்பரை வாங்க ஆளில்லாமல் பால் மரத்திலேயே காய்ந்துகொண்டிருந்தது. சியாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்று லாரி வந்தது. போனவர்கள் யாரும் வரவில்லை, லாரி மட்டும் மறுபடி வந்தது. அன்றைக்கு அத்தை நம் இரண்டு பேர் தலையையும் ஒரு கையில் ஒன்றாகப் பிடித்துச் சொன்னார்: "கடல் பக்கம் போங்கடா. கப்பல்ல வேல செய்றவன சியாமுக்குத் தூக்க மாட்டானுங்களாம்." நீலாய் ஸ்டேசனில் கூட்ஸ் வண்டி ஏறும்வரை உன் கையை அவர் விடவில்லை.

ஊருக்கு ஷோனான் என்று புதுப் பெயர் வைத்திருந்தார்கள். "பேரு வச்சானுங்க, சோறு வைக்கலயே" என்றேன் இறங்கியதும். நீ என் வாயைப் பொத்தினாய். உன் கையும் பசியோடுதான் இருந்தது. காலையில் மரவள்ளி, மத்தியானம் வள்ளிமரம், ராத்திரிக்கு இரண்டில் மிச்சம்.

தஞ்சோங் பகாரில் கிடங்கு வேலை. படுக்க கொங்சி என்கிற கூலிக் கொட்டகையில் பலகைத் தட்டுகள்; பகலெல்லாம் நாம் சாக்குகளை அடுக்கினோம், ராத்திரி நம்மை அடுக்கினார்கள். கடிகாரத்துக்குத் தோக்கியோ நேரம் வைத்திருந்ததால் மணி ஏழு என்று எழுப்பும்போது வெளியே கும்மிருட்டு. "சூரியனுக்கு இன்னும் ஜப்பான் பாஷ வரல போல" என்பேன். அந்த இருட்டிலேயே கரையிலிருந்து தொங்காங் படகுக்குப் போட்ட ஒற்றைப் பலகையில் அரிசி மூட்டையோடு ஏற வேண்டும். பலகை நடுவில் வளையும். கீழே எண்ணெய் மிதக்கிற தண்ணீர். நீ முன்னால் போவாய். உன் கால் எங்கே பட்டதோ அங்கேயே என் காலை வைத்து நான் வருவேன்.

ஒருநாள் மூட்டை நழுவியதற்கு உனக்குக் கன்னத்தில் அறை விழுந்தது. அடித்தவன் நம் வரிசையை மேய்க்கிற ஜப்பான் சிப்பாய். அவன் கத்துகிற கத்தலுக்கு நாம் சைரன் என்று பெயர் வைத்திருந்தோம். சாயங்காலம் கன்னத்தைத் தடவிக்கொண்டே கேட்டாய்: "நம்ம மானம் எந்தக் கப்பல்ல ஏறிச்சு மச்சான்? திரும்பி வருமா, இல்ல அங்கேயே தங்கிருமா?"

வேலை முடிந்த பிறகு கரையோரம் உட்கார்ந்து கடலைப் பார்த்துக் கூவிப் பார்ப்போம். தோட்டத்தில் கூவினால் மரங்களில் பட்டுக் குரல் திரும்பி வரும். இங்கே போன குரல் போனதுதான். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. உனக்குப் பிடிக்கவில்லை. "இந்த ஊரு எல்லாத்தையும் கேட்டுக்குது. பதிலே சொல்ல மாட்டேங்குது" என்றாய்.

நம்மைத்தான் உடனே பதில் சொல்ல வைத்தார்கள். விடியும் முன் வரிசை, சைரன் "பாங்கோ!" என்று கத்தினால் ஆளாளுக்குத் தன் எண்ணை ஜப்பானில் கத்த வேண்டும். இச்சி, நீ, சான், சீ. "எண்ணுறானுங்களா, திட்டுறானுங்களாடா?" என்று முதல் நாள் கேட்டேன். நமக்கு மூன்று தடவை கூப்பிட்டால்தான் வாய் திறந்து பழக்கம். இங்கே அரை நொடி தாமதித்தால் அறை. "இந்த ஊர்ப் பேய்க்குப் பொறும கம்மி" என்று நீதான் சொல்லிக் கொடுத்தாய். கொஞ்ச நாளில் நாக்கு தோட்டத்துப் பழக்கத்தை மறந்து, எண் தானாக வந்தது. வரிசையில் நீ ரோக்கு, ஆறு. அடுத்தது நான்.

அன்றைக்கும் அப்படித்தான். சைரன் கேட்டான், நாம் கத்தினோம். அவன் வரிசையோடு நடந்துவந்து உனக்கும் எனக்கும் நடுவில் கையை இறக்கினான். ரொட்டியை வெட்டுகிற மாதிரி. அந்தக் கையிலிருந்து சிகரெட் வாசம் வந்தது.

கூலிகளுக்கு மேலாளான தமிழ் மண்டோர் மொழிபெயர்த்தார்: "இந்த ஆறு பேரு கப்பலுக்கு. வெளிக்கடல்ல நிக்கிது. சரக்கு மாத்திட்டு ரெண்டு நாள்ல வந்துரலாம்."

நீ பயப்படவில்லை. "கப்பல்ல அரிசிச் சோறுன்னு சொல்றானுங்கடா. பாதிய துணியில முடிஞ்சு எடுத்துட்டு வர்றேன்" என்று கண்ணடித்துவிட்டுப் படகில் இறங்கினாய். இருட்டில் படகு தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது.

"கிளீ!"

பொழுது விடியவில்லையே, நம் தோட்டத்து விளையாட்டை ஆடுவோம் என்று நான் பதில் சொல்லாமல் நின்றேன். நீயும் அதற்குத்தான் கூப்பிட்டாய், எனக்குத் தெரியும். உன் குரலில் சிரிப்பு இருந்தது.

"கிளீ!"

மூன்றாவதுக்குக் காத்திருந்தேன். இழுவைப் படகின் இன்ஜின் கிளம்பியது. அதற்குப் பிறகு தண்ணீர்ச் சத்தம்தான்.

மறுநாள் வெள்ளைக்காரன் விமானங்கள் குண்டு போட வந்தன. தீவுகளுக்கு அந்தப் பக்கம் புகை எழுந்தது. அது அடங்கியபின் ஒரு மலாய்ப் படகுக்காரர் கரைக்கு வந்து, கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில் சொன்னார்: "கப்பால் சூடா ஹாபிஸ்." கப்பல் முடிந்துவிட்டது. அவர் தேடிப் பார்த்திருக்கிறார். ஆள் யாரும் இல்லை, பலகைகள்தான்.

உன் போர்வையைச் சுருட்டிக்கொண்டு நான் தோட்டத்துக்கு வந்தேன். வாசலில் நின்று சொன்னேன். அத்தை கிழங்குத் தோலை உரித்துக்கொண்டிருந்தார்.

"பொணத்தப் பாத்தியா?"

"இல்ல அத்த."

"அப்ப வருவான்."

மறுபடி தோல் உரித்தார். அழவில்லை. கருமாதி வேண்டாம் என்றார். பெரியவர்கள் வந்து பேசினார்கள், "உசுரோட இருக்கிறவனுக்கு எவன்டா சோறு படைப்பான்?" என்று விரட்டிவிட்டார். உன் தட்டைத் தினமும் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

வந்ததும் எனக்கு மலேரியா. நடுக்கம் விட்டு எழுந்தபோது தொண்டை என்னவோ போல் இருந்தது. ஒருநாள் பொழுது சாய்ந்து விறகோடு வந்து, கைகள் சும்மா இல்லாததால், வாசலில் நின்று என் அம்மாவைக் கூப்பிட்டேன்.

"யம்மா!"

விறகு என் கையிலிருந்து விழப் பார்த்தது. அது நீ, மச்சான். கிணற்றுக்குள்ளிருந்து வருகிற அதே குரல், கடைசியில் கொஞ்சம் கரகரத்து இழுக்கிற அதே இழுப்பு. நான் எதையும் செய்யவில்லை. அது அப்படித்தான் வந்தது.

பக்கத்து வீட்டில், அத்தையின் கதவுக்குப் பின்னால், அகப்பை கீழே விழுந்தது.

என் அம்மா வழக்கப்படி திறக்கவில்லை. இரண்டாவது தடவை கூப்பிட்டேன். பக்கத்து வீட்டில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. மூன்றாவது தடவை கூப்பிட்டேன். இரண்டு கதவும் ஒன்றாகத் திறந்தன. அத்தை என்னைப் பார்த்தார். என் பின்னால் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்றோடு நான் பேச்சை நிறுத்தினேன். கதவைக் கல்லால் தட்டினேன், ஆட்டை விசிலடித்துக் கூப்பிட்டேன். தோட்டம் முழுக்கச் சிரித்தது. கிளி கூண்டுக்குள் போய்விட்டதாம். எனக்குள்ளே பேச்சு மூட்டை மூட்டையாக அடுக்கிக் கிடந்தது. வாயைத் திறந்தால் எல்லாம் உன் குரலில் வரும். நான் அடிக்கும் கேலியெல்லாம் செத்தவன் அடிக்கிற மாதிரி இருக்கும். ராத்திரி போர்வைக்குள் என் பெயரை நானே மெல்லச் சொல்லிப் பார்ப்பேன். நீ கூப்பிடுவாய். போர்வையைத் தலைவரை இழுத்துக்கொள்வேன். ஆனாலும் மறுநாளும் சொல்லிப் பார்ப்பேன்.

அத்தைக்குத் தெரியாமல் எவ்வளவு நாள் நடக்கும்? பட்டப்பகலில் மரவள்ளிக் கொல்லையில் என்னைப் பிடித்துவிட்டார்.

"ஏன்டா கிளி, வாயில என்ன கொழுக்கட்டையா?"

தலையை ஆட்டினேன்.

"இருந்தா எனக்கும் ஒண்ணு குடுடா. அரிசி மாவப் பாத்து எம்புட்டு நாளாச்சு." பிறகு, கிழங்கைப் பிடுங்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல்: "அவன் கொரல வேணும்னு பேசுறியா?"

"சத்தியமா இல்ல அத்த" என்று கிசுகிசுத்தேன். "அதுவா வந்துருச்சு."

கிழங்கிலிருந்து மண்ணை உதறினார். ரொம்ப நேரம் உதறினார். மண்ணே இல்லாத கிழங்கையும் உதறினார்.

"சாயங்காலம் என் வாசல்ல வந்து கூப்புடு. உங்கம்மாவக் கூப்புட்டியே, அப்படியே. ரெண்டு தடவ."

"ரெண்டா?"

"மூணாவது வேணாம்டா. மூணாவது கூப்ட்டா நான் கதவத் தொறக்கணும். தொறந்தா அங்க நீதான நிப்ப? ரெண்டோட நிறுத்திக்க. ரெண்டு தடவ மட்டும் கூப்புடுறது யாருன்னு எனக்குத் தெரியும்ல."

போனேன். பொழுது சாய்ந்திருந்தது. என் வாழ்க்கையில் எத்தனையோ வாசலில் நின்று எத்தனையோ பேரைப் பயமுறுத்தியிருக்கிறேன். அன்றைக்குத்தான் கூப்பிட எனக்கே பயமாக இருந்தது.

"யம்மா!"

உள்ளே அடுப்பில் விறகு வெடித்தது.

"யம்மா!"

மூன்றாவது தொண்டைவரை வந்தது. பல்லைக் கடித்து நிறுத்தினேன். கதவு அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து உள்ளே ஒப்பாரி எழுந்தது. அத்தனை நாளும் வராதது. லயத்தில் ஒவ்வொரு கதவாகத் திறந்து பெண்கள் ஓடினார்கள். மறுவாரம் கருமாதி நடந்தது. சோறு இல்லை, கிழங்கு வைத்துத்தான் உனக்குப் படைத்தோம். கோபித்துக்கொள்ளாதே.

நான் மறுபடியும் பேசுகிறேன், மச்சான். கேலி அடிக்கிறேன், கங்காணி விரட்டிக்கொண்டு ஓடி வருகிறார், எல்லாம் பழையபடிதான். ஆனால் சிரிக்கிறவர்கள் நடுவில் சட்டென்று ஒரு நொடி அமைதியாகிறார்கள். உன்னைக் கேட்டுவிட்டார்கள் என்று எனக்குத் தெரியும். சில சாயங்காலங்களில் அத்தை தன் கதவைச் சாத்துமுன் என் வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். அன்றைக்கு நான் போய்க் கூப்பிட வேண்டும். இரண்டு தடவை. உள்ளே கிண்டுகிற அகப்பை நிற்கும். அப்புறம் நான் வந்துவிடுவேன்.

விமானங்கள் இப்போதும் தெற்கே போகின்றன. ஜப்பான்காரன் தோற்கப் போகிறான் என்கிறார்கள். தோற்றால் அந்த ஊருக்குப் பழைய பெயர் திரும்பி வரும். நான் அங்கே மறுபடி போவேனா தெரியாது. போனால் கரையில் நின்று கூவிப் பார்ப்பேன், அது பதில் சொல்லாது என்று தெரிந்தும்.

நீ என்னை இரண்டு தடவைதான் கூப்பிட்டாய். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. உன் குரல் முழுவதும் என்னிடம் வந்துவிட்டது. அதில் எல்லாரையும் கூப்பிடுகிறேன், ஆட்டைக்கூடக் கூப்பிடுகிறேன். ஆனால் அத்தை வாசலில் அந்த மூன்றாவதை மட்டும் நான் தொட்டதில்லை. அது உன்னுடையது. எந்த இருட்டிலாவது வந்து நின்றால், நீயே கூப்பிடு. இரண்டு கதவும் திறக்கும்.