கங்காணி அபிப்பிராயம் சொல்லாத செய்தி

கீழ்ப்பிரிவு, திம்புள்ள
19.02.2025

அன்புள்ள ராசிக் நானாவுக்கு,

நானும் வீட்டுக்காரி யூஜினாவும் ஆண்டவர் தயவில் சுகம். அங்கே தம்பி வீட்டில் நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அக்குறணை முகவரியைத் தலவாக்கலைக் கடையில் உங்கள் மகன் பாஹிமிடம் கேட்டு வாங்கினேன். கடையை நன்றாகத்தான் நடத்துகிறார். ஆணியும் தகரமும் விற்ற இடத்தில் போன் உறை தொங்குவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. நீங்கள் இப்போது போனில் யாரோடும் பேசுவதில்லை என்றார். அதனால்தான் கடிதம்.

காலியில் நம் ஆட்கள் இரண்டு டெஸ்டையும் அவுஸ்திரேலியாவுக்குக் கொடுத்ததைப் பார்த்திருப்பீர்கள். தோற்றார்கள் என்று சொல்ல மாட்டேன், கொடுத்தார்கள். பந்து திரும்புகிற நம் தரையில் வெளியூர்க்காரன் நின்று நிதானமாக அடிக்கிறான், நம்மவர் அவசரப்பட்டு வெளியே போகிறார்கள். பட்ஜட்டில் தோட்டச் சம்பளத்தைப் பற்றி இந்த முறையும் பேசினார்கள். யூஜினா கேட்டுவிட்டு, “பேசுறதுக்குத்தான்னா நம்மளையே கூப்பிட்டிருக்கலாம், நாங்க நல்லாப் பேசுவோம்” என்றாள். செய்தி பார்ப்பதை நான் பாதி விட்டுவிட்டேன். எதையாவது சிவப்பு வட்டம் போட்டுக் காட்டி, பின்னால் மேளம் அடித்தால் அது செய்தியாகிவிடுகிறது.

முப்பது வருடம் கங்காணி வேலை முடிந்து வந்து உங்கள் கடை வாசலில் பேப்பர் வாசித்தவன் நான். இப்போது எங்கள் பிரிவில் சர்மிளா வைத்திருக்கிற கடையில் பேப்பர் வாங்குகிறேன். அந்தப் பிள்ளை எதற்கும் எதிர்த்துப் பேசாது. எதிர்த்துப் பேச ஆளில்லாமல் பேப்பர் வாசிப்பது உப்பில்லாத சோறு மாதிரி இருக்கிறது. பதில் போடுங்கள்.

அன்புடன்,
ஞானரட்ணம்


அக்குறணை
04.03.2025

அன்பின் ஞானம்,

அல்லாஹ்வின் அருளால் இருக்கிறேன். நோன்பு தொடங்கிவிட்டது. உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் ஆறு வருடத்தை ஒரு தடவை எண்ணிப் பார்த்தேன். நீங்கள் எண்ணவில்லை போலிருக்கிறது.

காலியில் நம்மவர் தோற்றார்கள். தோற்றதைத் தோற்றது என்றே சொல்லுங்கள். பட்ஜட் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. டீவி பார்ப்பதில்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான் உங்கள் பக்கம் வருகிறேன், வழக்குத் தவணைக்கு. 2019 மே மாதம் கடையைச் சோதித்தபோது அலுமாரியில் இருந்ததை எடுத்து, வாள் என்று டீவியில் காட்டினார்களே, அந்த வழக்குத்தான். பதினேழு நாள் உள்ளே இருந்துவிட்டு வந்ததோடு அது முடியவில்லை. மகள் ஸஹ்லாவுக்குப் பேசிய சம்பந்தம் அந்தச் செய்தியோடு நின்றது. இப்போது இன்னொரு இடத்தில் கேட்கிறார்கள். வழக்கு முடிந்துவிட்டதா என்றுதான் முதலில் விசாரித்தார்கள்.

அடுத்த தவணை ஜூன் 19. அது வாள் இல்லை, தேயிலைச் செடியை வெட்டி இறக்குகிற கவ்வாத்துக் கத்தி என்று தோட்டத்தில் வேலை செய்த ஒருவர் வந்து சொல்லவேண்டும் என்கிறார் வழக்கறிஞர். அது யாருடைய கத்தி என்றும் சொன்னால் அன்றைக்கே முடிந்துவிடுமாம். இதை உங்களுக்கு ஒரு தகவலாக எழுதுகிறேன்.

யூஜினாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

ராசிக்


கீழ்ப்பிரிவு, திம்புள்ள
10.05.2025

அன்புள்ள நானா,

பதில் தாமதமானதற்குக் கோபிக்க வேண்டாம். தேர்தல் அமளி. எங்கள் பிரதேச சபைக்கு எத்தனை கட்சி, எத்தனை சுயேச்சை என்று எண்ணுவதற்குள் விரல் தீர்ந்துவிட்டது. லயத்து வீட்டுக் கூரைக்குத் தகரம் தருவேன் என்று ஒருவர், பாதை போடுவேன் என்று ஒருவர். நான் யாருக்குப் போட்டேன் என்று சொல்ல மாட்டேன். போட்டுவிட்டு வரும்போதே அவர் முகம் எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது.

சித்திரை விளையாட்டு விழாவில் கயிறு இழுப்பில் எங்கள் பிரிவு மேல்பிரிவை மண்ணில் உட்கார வைத்தது. பேப்பரில் மேல்பிரிவு வென்றது என்று போட்டுவிட்டார்கள். எனக்கு வந்ததே கோபம். அன்றே உட்கார்ந்து ஆசிரியருக்கு எழுதினேன். அடுத்த வாரம் திருத்தம் வந்தது, என் பெயரோடு. வெட்டி வைத்திருக்கிறேன். பொய்ச் செய்தியை மட்டும் நான் பொறுக்க மாட்டேன், அது உங்களுக்கே தெரியும்.

நீங்கள் எழுதிய மற்ற விஷயம். தோட்டத்தில் ஆளுக்கா குறை? மாயாண்டி இருக்கிறான், இராமையா இருக்கிறார், இரண்டு பேரும் கவ்வாத்து வெட்டியவர்கள்தான். பாஹிமை அனுப்பிக் கேட்கச் சொல்லுங்கள். எனக்கு முழங்கால் வலி, பஸ் ஏறுவது சிரமம். ஸஹ்லாவுக்கு நல்லபடி அமையட்டும், யூஜினா அந்தோனியாருக்கு நேர்ந்திருக்கிறாள்.

ஞானரட்ணம்


அக்குறணை
22.05.2025

ஞானம்,

கயிறு இழுப்புக்குத் திருத்தம் எழுதினீர்கள். சந்தோஷம்.

அந்தக் கத்தி மாயாண்டியுடையது இல்லை, இராமையாவுடையதும் இல்லை. பெரிய வெள்ளிக்கு மறுநாள், சனிக்கிழமை, பிடி ஆடுகிறது என்று நீங்கள் கொண்டுவந்து தந்தீர்கள். திங்கள் வாருங்கள் என்றேன். ஞாயிற்றுக்கிழமை தேவாலயங்களில் குண்டு வெடித்தது, வைத்தவர்கள் எங்கள் ஆட்கள் என்று செய்தி வந்தது. உங்கள் ஆட்கள் கோயிலில் அழுதுகொண்டிருந்தபோது நான் கத்தியைத் தூக்கிக்கொண்டு லயத்துக்கு எப்படி வருவது? புதுப் பிடி போட்டு அலுமாரியில் வைத்தேன். நீங்களும் வரவில்லை. திங்களும் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை.

யாருடையது என்று கேட்டார்கள். ஞாபகம் இல்லை என்றேன். பெயரைச் சொன்னால் உங்கள் வீட்டு வாசலுக்கு ஜீப் வரும். டீவியில் பார்த்ததும் நீங்களாகவே வந்து சொல்வீர்கள் என்று நினைத்தேன். பதினேழு நாளும் நினைத்தேன். பின்னால் வெளியே வந்தபோது, குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு என் கடையைக் கடந்து போனீர்கள். அன்று மழை இல்லை.

எல்லாச் செய்திக்கும் உங்களிடம் ஓர் அபிப்பிராயம் இருக்கிறது. இந்தச் செய்திக்கு என்ன அபிப்பிராயம்? அதை எழுதுவதானால் எழுதுங்கள். கிரிக்கெட் மட்டும் என்றால் முத்திரைக் காசை மிச்சப்படுத்துங்கள்.

ராசிக்


கீழ்ப்பிரிவு, திம்புள்ள
21.06.2025

நானாவுக்கு,

முந்தாநாள் நீங்கள் அங்கேதான் நின்றீர்கள், எல்லாம் கேட்டீர்கள். ஆனால் கோர்ட்டில் நான் பேசியது மொழிபெயர்த்த சிங்களத்தில்தான் அவர்களுக்குப் போனது. என் வாயால் உங்களுக்கு ஒருமுறை சொல்லவேண்டும்.

கத்தியை உறையிலிருந்து எடுத்து என் முன்னால் வைத்தார்கள். நீங்கள் போட்ட பிடி அசையாமல் இருந்தது. எப்படிப் பிடிப்பது, காட்டு என்றார் நீதவான். சாட்சிக் கூண்டுக்குள் செடி இருப்பதாக நினைத்துக் குனிந்து, கீழிருந்து மேலாகச் சாய்த்து இழுத்துக் காட்டினேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். முப்பது வருடம் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்த வேலையை இப்படிக் காட்டி நிரூபிக்க வேண்டியிருந்தது. பரவாயில்லை, அந்தச் சிரிப்பு எனக்கு வரவேண்டியதுதான்.

யாருடையது என்றார். என்னுடையது என்றேன். ஏன் ஆறு வருடம் வரவில்லை என்றார். அதற்கு ஒரு பதில் தயார் பண்ணிக்கொண்டுதான் போயிருந்தேன், முழங்கால், வேலை, விஷயம் தெரியாது என்று. வாயில் வந்தது “பயமா இருந்துச்சுங்க” என்பது மட்டும்தான்.

முழு உண்மை அதுவும் இல்லை. அன்று டீவியில் கத்தியைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டினார்கள். யூஜினா, “அது நம்ம கத்திங்க” என்றாள். நான் அவளை வாயை மூடச் சொன்னேன். பயம் உண்மை. ஆனால் செய்தி முழுவதும் பார்த்து முடித்தபோது, என் கத்தி என்று தெரிந்தும், ஒருவேளை ராசிக் நானாவும் அப்படிப்பட்டவர்தானோ என்று ஒரு கணம் யோசித்தேன். முப்பது வருடம் உங்கள் கையால் தேநீர் வாங்கிக் குடித்தவன் யோசித்தேன். அந்த வெட்கத்தில்தான் குடையைச் சாய்த்தேன். இதைக் கோர்ட்டில் யாரும் கேட்கவில்லை. உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

வெளியே வந்ததும் நீங்கள் என்னைப் பார்க்காமல் பஸ்ஸுக்குப் போனீர்கள். அது சரிதான்.

ஞானரட்ணம்


அக்குறணை
13.07.2025

ஞானம்,

வழக்கைத் தள்ளுபடி செய்த கடிதம் கைக்கு வந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டாருக்குப் பிரதி கொடுத்தோம். ஸஹ்லாவின் நிக்காஹ் ஒக்டோபரில். அவள் உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாள், சொல்லிவிட்டேன்.

வழக்கு முடிந்த செய்தி வருகிறதா என்று பாஹிம் எல்லாப் பேப்பரும் பார்த்தான். எதிலும் ஒரு வரி இல்லை. வாள் பிடிபட்டது என்று காட்டிய படம் இன்னும் போனில் ஓடுகிறதாம்.

அன்று பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. இறங்கி வந்து உங்களைக் கூப்பிடலாமா என்று யோசிக்கும்போதே பஸ்ஸை எடுத்துவிட்டான். நான் நிறுத்தச் சொல்லவில்லை.

உங்கள் கடிதத்தை நாலு தடவை வாசித்தேன். மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்று தாள் கிழித்தேன். அது இன்னும் எனக்குள் வரவில்லை, ஞானம். வராததை வந்ததாக எழுதினால், அந்த டீவிக்காரன் செய்ததையே நானும் செய்ததாகிவிடும். உங்களுக்கு நான் அதைச் செய்ய மாட்டேன்.

வந்தால் எழுதுவேன். வருவதற்குள் நான் மௌத்தாகிவிட்டால், வரவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ராசிக்