ஹெக்டர் காட்டிய தடம்

கிம்பர்லி,
ஆகஸ்ட் 9

அன்புள்ள ஈனிட் அக்காவுக்கு,

டல்சி எழுதுவது. அடிலெய்டில் குளிர் எப்படி? முட்டிவலி தேவலையா? இங்கே காற்றும் புழுதியும்தான்.

என் வீட்டுக்காரர் ஹெக்டரை வைத்துப் படம் எடுக்கிறார்கள் என்று போனில் சொன்னேன் அல்லவா? முதல் நாள் உற்சாகமாகத்தான் இருந்தார். "எந்தப் பக்கத்தக் காட்டணும், பல்லு இருக்கிற பக்கமா?" என்று படம் எடுக்கும் ரோஸ்லினைச் சிரிக்கவைத்தார். "மண்ணு எல்லாத்தையும் ஞாபகம் வச்சிருக்கு. நாமதான் மறந்த மாதிரி நடிக்கிறோம்" என்றார்.

மூன்றாம் நாள் ஆற்றுப்படுகைக்குக் கூட்டிப்போகச் சொன்னார். ஒரு யூகலிப்டஸ் வேரில் உட்கார்ந்தார். கேமராவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"பதினேழு வயசுல போலீசுக்குத் தடம் பார்த்துக் குடுத்தேன். வெள்ளைக்காரனுக்குப் பொறந்த நம்ம பழங்குடிப் புள்ளைங்கள அம்மாகிட்டேருந்து அரசாங்கம் புடிச்சிட்டுப் போன காலம். இந்த வேருக்கடியிலதான் அந்தப் புள்ள ஒளிஞ்சிருந்துச்சு. வெளுப்பு தெரியக்கூடாதுன்னு அவ அம்மா கரி பூசி விட்டிருந்தா. போலீஸ்காரன் தாண்டிப் போயிட்டான். மணல்ல ஒரே ஒரு காலடி. என் காலாலயே அழிச்சிருக்கலாம். கையக் காட்டினேன். அது ஈனிட்."

அக்கா, முப்பத்தேழு வருஷம் அவரோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன். அம்மா சாகும்வரை உன் பெயரைச் சொல்லிக்கொண்டு அந்த ஆற்றோரம் நடந்தாள். துணைக்குப் போனவர் இவர்தான்.

ரோஸ்லின் கேமராவை நிறுத்தப் போனாள். "ஓடட்டும்" என்றார். ஏன் காட்டினீர்கள் என்று கேட்டேன்.

"சாட்டைக்குப் பயம்னு சொல்லலாம். சொன்னா பாரம் கொறஞ்சிரும், டல்சி. கொறையக் கூடாது. தடம் பார்க்கத் தெரிஞ்சவன், அது போய்ச் சேர்ற எடத்துக்கும் பொறுப்பு. எங்கப்பன் குடுத்த சட்டம் அது. ஒடச்சிட்டேன்."

அன்றிலிருந்து பின்பக்க அறையில் படுக்கிறேன். சாப்பாடு வைப்பேன், பேசமாட்டேன். நேற்று அவர் தட்டை முற்றத்தில் வீசினேன். பிறகு நானே போய் எடுத்துக் கழுவினேன்.

வெள்ளிக்கிழமையோடு டயாலிசிஸ் வேண்டாம் என்றுவிட்டார். ஒரு வாரம் தாங்கலாம் என்கிறாள் நர்ஸ். அவர் கண்மூடினால் நம் ஜனங்களின் வழக்கப்படி அவர் போட்டோவைப் பெட்டிக்குள் வைத்துவிடுவோம், பெயரைக்கூட உச்சரிக்கமாட்டோம். பிறகு நீ அவரை எதுவும் கேட்க முடியாது. திட்டவும் முடியாது.

ரோஸ்லின் இன்று விமானத்தில் அங்கே வருகிறாள். இந்தக் கடிதத்தையும் படத்தையும் உன் கையில் தருவாள். நீ சம்மதிக்காமல் அதை யாருக்கும் காட்டக்கூடாது என்பது அவர் சொல். உன்னிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

முடிந்தால் அவளோடு கிளம்பி வா. அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்காவிட்டாலும் வா. அவர் போனால் நான் அழுதுவிடுவேன், அக்கா. அதற்காக என்னை வெறுத்துவிடாதே.

உன் தங்கை,
டல்சி