கான்சாபுரம் விலக்கில் வைக்கப்போற பேனர்

அப்பாவுக்கு வெங்கடேஸ்வரி எழுதுறது. டெல்லியில நான் நல்லா இருக்கேன். உங்க முழங்கால் வலி தேவலையா? போன்ல பேசுனா பாதியில வச்சிருவீங்க, அதான் லெட்டர்.

தங்கச்சி பாண்டீஸ்வரி சடங்குக்கு கான்சாபுரம் விலக்குல, பஸ் திரும்புற இடத்துல பேனர் வைக்கப் போறீங்களாம். அவளே அழுதுக்கிட்டுச் சொன்னா. வைக்காதீங்க.

போன வாரம் போட்டோ, போஸ்டர் பத்திப் படிக்கிற கிளாஸ்ல, அவங்கவங்க ஊர்த் தெருவுல பெருசா நின்ன ஒரு படத்தைக் காட்டி, அது யாருக்காக வச்சதுன்னு பேசச் சொன்னாங்க. நான் என் சடங்கு பேனரைக் காட்டுனேன். அம்புட்டு பெருமையாத்தான் காட்டுனேன். மாமாமாரு, சித்தப்பாமாரு, கட்சிக்காரரு, கூலிங் கிளாஸ் போட்ட நீங்கன்னு ஒவ்வொருத்தரையா பேரு சொன்னேன். பக்கத்துல இருந்த பிள்ளை, "இதுல உங்க அம்மா யாரு?"ன்னு கேட்டா. நானும் தேடுனேன். இல்ல.

இத்தனை வருசமா அதை எனக்கு வச்ச பேனருன்னு நினைச்சேன். நான் வயசுக்கு வந்ததைச் சாக்கா வச்சு, நீங்க ஊருக்கு உங்க ஆள்பலத்தைக் காட்டியிருக்கீங்க. படம் படிக்கப் போயி கெட்டுப்போயிட்டான்னு சொல்லுவீங்க. சொல்லிக்கோங்க. மறுபடி வச்சீங்கன்னா மாமாமாரு முன்னாடியே நான் வந்து கிழிப்பேன்.

இங்க குளிரு தாங்க முடியல. என் பழைய போர்வையை அனுப்புங்க. அம்மாவைப் புதுசா எடுத்த போட்டோ ஒண்ணும் வேணும். போன் பூரா தேடிட்டேன். பிளவக்கல் அணைக்குப் போனப்ப நீங்க எடுத்த படத்துலகூட சாப்பாட்டு வாளியைப் பிடிச்ச அம்மா கை மட்டுந்தான் இருக்கு.

கிளாசுக்கு நேரமாச்சு. போட்டோவை நீங்க எடுக்காதீங்க. பாண்டீஸ்வரி எடுக்கட்டும்.

வெங்கடேஸ்வரி