ஏழாம் தேதிக் கிறிஸ்துமஸ்

ஆரணி,
2.1.2026

அன்புள்ள மகள் கிருபாவதிக்கும் மாப்பிள்ளை அன்பழகனுக்கும் அப்பா எழுதுவது.

கர்த்தருடைய கிருபையால் நான் இங்கே நன்றாக இருக்கிறேன். தினமும் காலையில் உங்கள் இரண்டு பேர் பெயரையும் சொல்லி ஜெபித்துவிட்டுத்தான் பல் விளக்கவே போகிறேன், அதனால் நீங்களும் நன்றாகத்தான் இருப்பீர்கள். போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று சிரிக்காதே. போனில் முதல் இரண்டு நிமிஷம் கேட்குதா கேட்குதா என்று போகிறது, அடுத்த இரண்டு நிமிஷம் என்ன சாப்பிட்டாய் என்று போகிறது, சொல்ல வந்ததைச் சொல்வதற்குள் உன் முகம் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிடுகிறது. உங்கள் யுனிவர்சிட்டியில் வேலை செய்கிற போளூர் பார்த்திபன் லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறார். அவர் கையில் இதையும் ஒரு டப்பா கலகலாவையும் கொடுத்துவிடுகிறேன். கலகலா நானே செய்தது. உங்கம்மா நோட்டில் எழுதி வைத்திருந்தபடிதான் மைதா, முட்டை, தேங்காய்ப்பால் எல்லாம் போட்டுப் பிசைந்து, துண்டு போட்டு, எண்ணெயில் பொரித்தேன். எங்கே தப்பு நடந்ததோ, ஒவ்வொன்றும் கூழாங்கல் மாதிரி இருக்கிறது. காபியில் ஊறவைத்துச் சாப்பிடு. மாப்பிள்ளைக்குக் கடைவாய்ப் பல்லில் வலி என்றாயே, அவருக்கு மட்டும் கொடுத்துவிடாதே, அப்புறம் மாமனார்மேல் பழி வரும்.

இருபத்தைந்தாம் தேதி காலை ஆறு மணி ஆராதனைக்குப் போனேன். நீ அனுப்பிய வாட்சைக் கட்டிக்கொண்டுதான் போனேன், இரண்டு பேர் மணி கேட்டார்கள். ஆராதனை முடிந்ததும் வாசலில் எல்லாரும் குடும்பம் குடும்பமாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு யாரோடு போய் நிற்பது என்று தெரியவில்லை, செருப்பைத் தேடுகிறவன் மாதிரி குனிந்துகொண்டேன். அப்போதுதான் உன் போன் வந்தது. இன்றைக்கு எங்களுக்கு லீவு இல்லைப்பா, எட்டு மணிக்குப் பரீட்சை டியூட்டி, இந்த எத்தியோப்பியாவில் கிறிஸ்துமஸ் ஜனவரி ஏழாம் தேதிதான் என்று சொன்னாய். அதே மூச்சில், காண்ட்ராக்ட்டை இன்னும் இரண்டு வருஷத்துக்கு நீட்டிக்கிறார்கள், பத்தாம் தேதிக்குள் கையெழுத்துப் போடணும், நீங்க தனியா இருந்துப்பீங்களாப்பா என்று கேட்டாய். எனக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். ஆயர் பக்கத்தில் நிற்கிறார், சபைக்காரர்கள் பத்துப் பேர் வாயைப் பார்க்கிறார்கள். போடும்மா, எனக்கின்னா கொறச்சல், ராஜா மாதிரி இருக்கேன் என்று சத்தமாகச் சொன்னேன். ஆயர் முதுகில் தட்டிக்கொடுத்தார். அந்தத் தட்டோடு வீட்டுக்கு வந்து ரவை உப்புமா கிண்டிச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். குவார்ட்டர்ஸில் நீயும் மாப்பிள்ளையும் கட்டிலில் உட்கார்ந்து பாடுகிறீர்கள், எதிரே நீ செய்த கேக் வெட்டாமல் இருக்கிறது. உன்கூட வேலை செய்கிற அந்த அம்மாவைக் கூப்பிட்டாயாம், எங்களுக்கு ஏழாம் தேதி வரைக்கும் நோன்பு, முட்டை, பால் எதுவும் தொடமாட்டோம் என்று சொல்லி வெறும் காபி மட்டும் குடித்துவிட்டுப் போனாராம். பாவம், அவரைச் சொல்லித் தப்பில்லை. மாப்பிள்ளை ராகத்தை வழக்கம்போல எங்கேயோ கொண்டுபோய் விட்டுவிட்டார், அதையும் விடு. இரண்டே பேர் பாடும்போது அது பாட்டு மாதிரியே இல்லை கிருபா, யாரையோ கூப்பிடுகிற மாதிரி இருந்தது. அதை நாலு தரம் பார்த்தேன். பார்த்துவிட்டு, இவர்களுக்கு ஏழாம் தேதி என்றால் நமக்கும் ஏழாம் தேதியே இருக்கட்டும் என்று முடிவு பண்ணிவிட்டேன். கேக்குக்குச் சொல்லவில்லை, பிரியாணி கிடையாது, புது வேட்டியைக்கூட மடித்துப் பீரோவில் வைத்துவிட்டேன்.

இதில் ஒன்றை மறந்துபோனேன். பக்கத்து வீட்டு ரேணுகாதேவி தீபாவளிக்குப் பலகாரம் வைத்துக் கொடுத்த எவர்சில்வர் தட்டு நம் வீட்டில்தான் இருக்கிறது. வெறும் தட்டாகத் திருப்பித் தரக் கூடாது என்று உங்கம்மா கிறிஸ்துமஸ் வரை வைத்திருந்து கேக்கும் கலகலாவும் அடுக்கி அனுப்புவாளே, அதே வழக்கம்தான் இன்னும் நடக்கிறது. இந்தத் தடவை தட்டு போகவில்லை. இருபத்தேழாம் தேதி அவளே வந்துவிட்டாள். இன்னா அண்ணா, ஒடம்பு கிடம்பு சரியில்லியா, தட்டு வரும் வரும்னு ரெண்டு நாளா பாத்துகினு இருக்கோம், எங்க மேல எதுனா கோவமா என்று கேட்டாள், கண் கலங்கிவிட்டது அவளுக்கு. எனக்கு பேஜாராகிவிட்டது. அதெல்லாம் இல்லைம்மா, என் பொண்ணு இருக்கிற ஊரில் ஏழாம் தேதிதான் கிறிஸ்துமஸ், அதனால் எனக்கும் அன்றைக்குத்தான் என்றேன். கேலி பண்ணுவாள் என்று பார்த்தால், ஓ, அந்த ஊரு பஞ்சாங்கம் வேறயா, எங்களுக்கும் அப்படித்தான் அண்ணா, திதி ஒரு வருஷம் முன்னால வரும், ஒரு வருஷம் பின்னால போயிடும், இதுல இன்னா இருக்குது என்று நிம்மதியாகப் போய்விட்டாள். போனவள் சும்மா போகவில்லை. சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க இந்த வருஷம் கிறிஸ்துமஸ் தள்ளிப்போய்விட்டது என்று பரவிவிட்டது. விசைத்தறி வைத்திருக்கிற மாணிக்கவேல் என்னை வழியில் நிறுத்தி, இன்னா சார், முன்னாடியே சொல்லக் கூடாதா, நான் ஆளுங்களுக்கு இருபத்தஞ்சாந் தேதியே லீவ் வுட்டுட்டேனே என்கிறார். ஆயர் காதுக்கும் எட்டி, ஆசீர்வாதம் ஐயா தனியா ஒரு சபை ஆரம்பிச்சிட்டீங்களாமே என்று கேட்டார். சிரிக்கிறாரா கோபப்படுகிறாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. எப்படியோ, ஏழாம் தேதி தெருவே நம் வீட்டை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறது. என் கலகலாவைக் கடித்துப் பார்த்துவிட்டு, ஆறாம் தேதி தானே வந்து வேறு செய்து தருவதாக ரேணுகாதேவி சொல்லியிருக்கிறாள்.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன், இதையெல்லாம் எழுதி இழுத்துக்கொண்டிருப்பதே அதைத் தள்ளிப்போடத்தான். இருபத்துமூன்றாம் தேதி சாயங்காலம் மொட்டைமாடியில் நட்சத்திரம் கட்டினேன். ஏறாதீங்கப்பா, ஆள் வைச்சுக் கட்டுங்க என்று நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது. முப்பத்தொரு வருஷம் கரண்ட் கம்பத்தில் ஏறி இறங்கின லைன்மேன், ஒரு நட்சத்திரம் கட்ட ஆள் வைப்பானா? பல்பு எரிந்தது, ஏணியிலிருந்து இறங்கும்போது கடைசிப் படிக்கு முந்தின படியில் கால் வழுக்கி விழுந்துவிட்டேன். எலும்பு ஒன்றும் உடையவில்லை, பயப்படாதே, கணுக்கால் மட்டும் வீங்கிவிட்டது, இப்போது வற்றிவிட்டது. ஆனால் அன்றைக்கு எழுந்திருக்க முடியவில்லை. போன் கீழே சார்ஜில் கிடந்தது. ரேணுகாதேவியை இரண்டு தரம் கூப்பிட்டேன், தறிச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. மூன்றாம் தரம் வாயைத் திறந்தால் உங்கம்மா பெயர் வருகிறது. அரைமணி நேரம் அப்படியே நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன், பிறகு பிட்டத்தால் நகர்ந்து நகர்ந்து ஒவ்வொரு படியாகக் கீழே வந்தேன். ஒருத்தரிடமும் சொல்லவில்லை. சர்ச் வாசலில் குனிந்துகொண்டிருந்தேன் என்று மேலே எழுதினேனே, செருப்பு தொலைந்திருந்தால்தானே தேடுவதற்கு, வீங்கின காலை அதற்குள் நுழைக்க முடியவில்லை. அந்த நேரத்தில்தான் நீ போன் பண்ணினாய். அப்படி ஒற்றைக் காலில் நின்றுகொண்டுதான் ராஜா மாதிரி இருக்கிறேன் என்று சொன்னேன்.

அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நான் ராஜாவும் இல்லை கூஜாவும் இல்லை. எனக்குத் தனியாக இருக்கப் பிடிக்கவில்லை கிருபா. உங்கம்மா போனபிறகு நாலு வருஷம் சமாளித்தேன், இனிமேல் முடியவில்லை, பயமாக இருக்கிறது. நீங்கள் ஆசைப்பட்டுப் போன வேலை, படிக்கிற பிள்ளைகள் உங்களை அங்கே எவ்வளவு மரியாதையாக வைத்திருக்கிறார்கள் என்று பார்த்திபனும் சொன்னார். ஆரணி, செய்யார் பக்கம் இருக்கிற காலேஜ்களில் அந்த மரியாதை கிடைக்குமா என்றால் எனக்குத் தெரியாது. கையெழுத்துப் போடுவதும் போடாததும் நீயும் மாப்பிள்ளையும் உட்கார்ந்து பேச வேண்டியது. போட்டாலும் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன், இரண்டு நாள் பேசாமல் இருப்பேன், மூன்றாம் நாள் நானே போன் பண்ணிவிடுவேன், உனக்குத்தான் தெரியுமே. ஆனால் அப்பாவுக்கு ஒரு குறையும் இல்லை என்று நம்பிப் போட்டுவிடாதீர்கள்.

குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தூங்கு. மாப்பிள்ளையைப் பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ, அவர் சரி சரி என்பாரே தவிர தானாகப் போகமாட்டார். ஏழாம் தேதி இங்கே பத்து மணிக்குப் போன் பண்ணுங்கள், ரேணுகாதேவி வீட்டார் எல்லாரும் நம் வீட்டில்தான் இருப்பார்கள், நீங்கள் பாடினால் கேட்க ஆள் இருக்கும். ஸ்பீக்கரில்தான் போடுவேன், என்ன முடிவு என்பதை அப்போது சொல்லாதே. அவர்கள் தட்டை வாங்கிக்கொண்டு போனபிறகு மறுபடி கூப்பிட்டு எனக்கு மட்டும் சொல்.

புது வருஷ வாழ்த்துச் சொல்லலாம் என்று பேனாவை எடுத்தபோதுதான் நீ ஒருமுறை சொன்னது ஞாபகம் வந்தது. அந்த ஊர்க் கணக்குப்படி அங்கே இது இன்னும் 2018ஆம் வருஷமாமே. இங்கே 2018 கிறிஸ்துமஸுக்கு நீ இந்த வீட்டில் இருந்தாய், உங்கம்மா அடுப்பு முன்னால் கலகலா பொரித்துக்கொண்டிருந்தாள், நீ சூடாக எடுத்துத் தின்று நாக்கைச் சுட்டுக்கொண்டாய், நான் மாடியில் ஏணியில் நின்றேன், ஏணியைக் கீழே அவள் வந்து பிடித்துக்கொண்டாள். உங்களுக்கு அங்கே எட்டு வருஷம் மிச்சம் இருக்கிறது அம்மா. என்னிடம் அது இல்லை.

கர்த்தர் உங்கள் இரண்டு பேரையும், போகும்போதும் வரும்போதும், காப்பாராக.

நட்சத்திரத்தை ஏழாம் தேதிவரை அவிழ்க்காமல் வைத்திருக்கும்
உன் அப்பா
ஆசீர்வாதம்