வெட்டிய படத்தின் மிச்சம்

மார்ச் 3, திங்கள்
பாயான் லெப்பாஸ் வரை ஜாம். ஆபீஸுக்கு வந்தால் வயிரவன் அண்ணன் உட்கார்ந்திருக்கிறார். நகரத்தார் வரன் பார்க்கும் இணையதளம் அவருடையது. ஆளாளுக்கு எட்டு எம்பி படத்தை ஏற்றித் தளத்தைப் படுக்க வைத்துவிட்டார்களாம். ஏற்றும் முன்பே படத்தை வெட்டிச் சுருக்கும் கருவியை நான் எழுத வேண்டும். “மூஞ்சி தெரிஞ்சா போதும் லா தங்கச்சி. மிச்சத்த வெட்டிடு.” கல்யாணச் சந்தையின் மொத்தத் தத்துவமும் அதுதானே.

மார்ச் 11, செவ்வாய்
முடிந்தது. எட்டு எம்பி இருநூறு கேபியாகிறது. அண்ணனுக்கு இன்னோர் ஆசை: படம் எடுத்த தேதி தெரிய வேண்டும். தொப்பை விழுந்த மாப்பிள்ளைகள் பத்து வருடத்துக்கு முந்தைய படத்தைப் போடுகிறார்களாம். சுருக்கினால் தேதி போய்விடுகிறது. படக் கோப்புக்குள் தேதி முதலியவை ஒளிந்திருக்கும் தகவல் துண்டைப் பழைய படத்திலிருந்து அப்படியே எடுத்துப் புதியதில் ஒட்டிவிட்டேன். இருபது நிமிட வேலை. கெட்டிக்காரிதான் நான்.

மார்ச் 15, சனி
என்னைப் பெற்ற ஆத்தா, என்னைக் கேட்காமலே அதே தளத்தில் என்னைப் பதிந்துவிட்டாள். என் கருவியாலேயே என் படத்தை வெட்டியிருக்கிறாள். “ரொம்ப சுலபமா இருக்குடி” என்று பாராட்டு வேறு.

மார்ச் 19, புதன்
ராம்நாத். தளத்தில் வந்த வரன், புக்கிட் தெங்காவில் பொறியாளர். எங்களில் ஒரே கோயில்காரர்கள் பங்காளி முறை; இவர்கள் வேறு கோயில், அதனால் கட்டலாம். ஞாயிறு பெண் பார்க்க வருகிறார்கள். ஆத்தாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மார்ச் 20, வியாழன்
ராம்நாத்தின் படத்தை லேப்டாப்பில் இறக்கினேன். கோப்புப் பட்டியலில் தெரிந்த குட்டிப் படத்தில் ஆள் மாலையும் கழுத்துமாக — பக்கத்தில் ஒருத்தி, புதுத் தாலியோடு. திறந்தால் அவன் மட்டும். மூடினால் தம்பதி.

எப்படி? நான் ஒட்டிய தகவல் துண்டுதான். வெட்டாத படத்தின் குட்டி நகலும் அதற்குள் இருக்கும். எடுக்க மறந்திருக்கிறேன். கெட்டிக்காரியாம், துடைப்பக்கட்டை.

என் படத்தையும் இறக்கிப் பார்த்தேன். 2022, என் நிச்சயதார்த்தம். பக்கத்தில் மெய்யப்பன், மூன்று மாதம் கழித்து என்னை வேண்டாம் என்றவன். அவனை வெட்டிவிட்டு ‘இதுவே முதல் வரன்’ என்று எழுதியிருக்கிறாள் ஆத்தா. அழுகையாக வந்தது. நான் என்ன திருடியா? எதுக்கு மறைக்கணும்?

மார்ச் 21, வெள்ளி
அண்ணனிடம் சொல்லிவிட்டுப் பிழையைச் சரிசெய்தேன். ஏற்கெனவே இருந்த படங்களையும் சுத்தம் செய்தாயிற்று. மற்றவர்களுடையதைத் திறந்து பார்க்கவில்லை. சத்தியமாக.

மார்ச் 23, ஞாயிறு
ராம்நாத்தின் அம்மா பொன்னம்மை ஆச்சி காபியை ஊதியபடி, “எங்க பிள்ளைக்கு இதான் மொத தடவ” என்றார். “எங்க பொண்ணுக்கும்” என்றாள் ஆத்தா. ராம்நாத் தரையைப் பார்த்தான்.

எனக்குப் பொறுக்கவில்லை. “எனக்கு ஒரு தடவ நிச்சயம் நின்னு போச்சு ஆச்சி. மாப்பிள்ளதான் வேணாம்னுட்டாரு.”

ராம்நாத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அவனுக்கு என்ன தோன்றியதோ, “எனக்குக் கல்யாணமே ஆயிருச்சுங்க. போன வருஷம் டிவோர்ஸ்” என்றான். அதற்குப் பிறகு யாரும் காபியைத் தொடவில்லை.

மார்ச் 25, செவ்வாய்
வயிரவன் அண்ணன் போன். ஆச்சிக்கு இஷ்டமில்லையாம். நிச்சயம் முறிந்த பெண் வீட்டுக்கு ஆகாதாம். தாலியே கட்டி முடித்த பிள்ளை மட்டும் பச்சைக் குழந்தை. வெட்கம் கெட்ட ஜென்மங்கள். ராம்நாத்திடமிருந்து ஒரு செய்தி: “சாரி. எங்கம்மாவ எதுத்துப் பேச முடியல.” வயது முப்பத்து நான்கு.

மார்ச் 29, சனி
ஞாயிற்றுக்கிழமையிலிருந்து முகம் கொடுக்காத ஆத்தா, இன்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “என் பொண்ணு ஆகாதாமா அவளுக்கு? தெறடி அத.” தளத்தில் என் பக்கத்தைத் திறந்தேன். ‘முதல் வரன்’ என்றிருந்ததை அழிக்கச் சொன்னாள். “ஒரு தடவ நிச்சயம் நின்னு போச்சுன்னு போடு.” போட்டேன். ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பார்த்தாள்.

“நாங்கதான் நிறுத்துனோம்னும் சேத்துக்க.”

பொய். சேர்த்துக்கொண்டேன்.