கண்ணாடி பீரோவில் நாற்பது வாட் பல்பு

செப்டம்பர் 8, ஞாயிறு

இங்கே ஞாயிறுதான் வாரத்தின் முதல் வேலை நாள். பிரின்சிபால் பத்மா மேடம் இன்று லேபுக்கு வந்தார். அவர் இந்த ஸ்கூலுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது, லேபுக்கு வந்தது மூன்றாவது தடவை. மேஜை மேல் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தார். தூசி இல்லை. என் லேபில் தூசி இருக்காது. அது அவருக்கு ஏமாற்றமாக இருந்திருக்கும்.

"தேவசுந்தரம் சார், போன வருஷம் இங்க எத்தனை பிராக்டிகல் கிளாஸ் நடந்தது?"

"ஒன்பது மேடம்."

"ஒன்பதா." ஜன்னல் விளிம்பையும் ஒரு தடவை தேய்த்துப் பார்த்தார். பிறகு, வெளியிலிருந்து ஒரு ரோபோடிக்ஸ் கம்பெனி இந்த அறையைக் கேட்பதாகவும், மார்ச்சோடு கொடுத்துவிடலாம் என்று மேனேஜ்மெண்ட் நினைப்பதாகவும் சொன்னார். அறை போன பிறகு அறைக்கு ஒரு லேப் அசிஸ்டென்ட் எதற்கு என்று அவர் சொல்லவில்லை. பதினெட்டு வருடம் ஓமானில், இந்தச் சலாலா ஊரில் இருந்தவனுக்கு அதையும் விளக்க வேண்டுமா என்ன.

ரோபோடிக்ஸ். பேட்டரி போட்ட பொம்மை வண்டி சுவரில் முட்டித் திரும்பும், பெற்றோர் கை தட்டுவார்கள். அதற்குப் பெயர் எதிர்காலம்.

அவர் போனதும் கண்ணாடி பீரோவைத் திறந்து பார்த்தேன். கரீஃப் என்கிற இந்த ஊர் மழைக்காலத்துச் சாரல் இன்னும் முழுசாக விடவில்லை. இந்த மூன்று மாத ஈரத்தில் பூட்டிய பெட்டிக்குள்ளும் பூஞ்சை பிடிக்கும். அதற்காகத்தான் பீரோவுக்குள் நாற்பது வாட் பல்பு ஒன்றை இரவும் பகலும் எரிய விட்டிருக்கிறேன். நான்கு ஆசிலோஸ்கோப்பு. 2017-ல் வந்தவை. பெட்டிகூடப் பிரிக்கவில்லை. மின்சாரத்தின் துடிப்பைத் திரையில் கோடாக வரைந்து காட்டுகிற நுட்பமான சாமான். இந்தப் பிள்ளைகள் கையில் கொடுத்தால் ஒரு வாரம் தாங்காது.

தெரிந்துதான் சொல்கிறேன். 2016-ல் ஒருத்தன் மல்டிமீட்டரைத் தப்பான பாயிண்டில் வைத்து பிளக்கில் சொருகினான். புகை. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் அப்பா வந்து என்னைக் கேட்ட கேள்வி, பழைய பிரின்சிபால் முன்னால் நான் கைகட்டி நின்றது, எழுதிக் கொடுத்த விளக்கக் கடிதம்... போதும். அன்றிலிருந்து பிராக்டிகல் என்றால் நான் செய்வேன், அவர்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள். எட்டு வருடமாக ஒரு சாமான் உடைந்ததில்லை.

செப்டம்பர் 10, செவ்வாய்

பிசிக்ஸ் வாத்தியார் சுரேஷ்குமார் ஓடி வந்தான். ஈரோட்டுக்காரன், முப்பது வயது, எதற்கும் ஓடித்தான் வருவான்.

"சார், செம சான்ஸ் சார். துபாய்ல ஒரு கம்பெனி காண்டெஸ்ட் வெச்சிருக்காங்க. நம்ம லேபுக்கு ஏன் சாமான் வேணும்னு மூணு நிமிசம் வீடியோ. ஜெயிச்சா பத்து டேபிளுக்கு ஃபுல் செட்டுங்க."

கருவி விற்கிறவனே கருவி இல்லாத பிள்ளைகளின் கண்ணீரை விளம்பரத்துக்கு எடுக்கிறான். முன்பெல்லாம் பிச்சைக்குத் தட்டு போதும், இப்போது கேமரா வேண்டும்.

ஆனாலும் சரி என்றேன். பத்து மேஜைக்கு சாமான் வந்தால் அறையைக் கொடுக்க மாட்டார்கள். அறை நின்றால் நான் நிற்பேன்.

பீரோவில் இருப்பதைப் பற்றி அவனிடம் சொல்லவில்லை. அவன் கேட்கவும் இல்லை. நான்கு வருடமாக இங்கே வந்து போகிறவன், ஒருநாள் குனிந்து உள்ளே பார்த்ததில்லை. ஸ்டாக் ரெஜிஸ்டரில் தெளிவாக எழுதியிருக்கிறது. படிக்கத் தெரிந்தவன் படிக்கட்டும்.

செப்டம்பர் 12, வியாழன்

மற்ற ஸ்கூல்கள் போட்ட வீடியோக்களைப் பார்த்தேன். மஸ்கட்டில் ஒன்று டிரோன் வைத்து ஸ்கூல் கட்டடத்தையே சுற்றிக் காட்டுகிறது. டிரோன் வாங்கக் காசு இருக்கிறது, ரெசிஸ்டர் வாங்க இல்லையாம். தோஹாவில் ஒரு பிள்ளை அழுகிறது, பின்னால் பியானோ.

அஜ்மானில் மூன்று வாண்டுகள் பழைய டப்பா டிவி ஒன்றைத் திறந்து, அதில் பாட்டுச் சத்தத்தைக் கோடாக ஓட விட்டிருக்கிறார்கள். கோடு கோணல்மாணலாக ஆடுகிறது, மூன்றும் விழுந்து விழுந்து சிரிக்கின்றன. குப்பையில் பொறுக்கியதைக் காட்டிப் பரிசு கேட்கிற தைரியம் எங்கிருந்து வருகிறதோ. கைக்கு ரப்பர் கிளவுஸ் மட்டும் போட்டிருந்தார்கள். அதை யாரோ விவரமானவர் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

செப்டம்பர் 15, ஞாயிறு

சுரேஷ்குமார் ஸ்கிரிப்ட் எழுதிக் கொண்டுவந்தான். "எங்கள் கனவுகளுக்கு வோல்டேஜ் கொடுங்கள்." பிசிக்ஸ் எம்.எஸ்சி. படித்தவன் எழுதிய வாக்கியம் இது.

பேசுவதற்கு பிளஸ் டூ ஷாஜினியைப் பிடித்திருக்கிறான். மார்த்தாண்டம் பக்கத்துக் குடும்பம். அப்பா போர்ட்டில் கிரேன் ஓட்டுகிறார். இங்கேயே பிறந்த பெண், தமிழ் பாதி வழியில் நின்று இங்கிலீஷில் ஏறிக்கொள்ளும். ஸ்கிரிப்டைப் படித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். அந்த ஒரு விஷயத்தில் அவள் மேல் மரியாதை வந்தது.

அடுத்த நிமிடமே போய்விட்டது. பீரோ பக்கமாக நின்று கேட்டாள்: "சார், ஒரு டவுட். புது திங்ஸ் எல்லாம் வந்தா, நாங்க டச் பண்ணலாமா? இல்ல அதையும் லாக் பண்ணிடுவீங்களா?"

திமிர். அவள் அப்பாவிடம் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 18, புதன்

ஷூட்டிங்காம். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

மேஜை மேல் இருந்த நல்ல பவர் சப்ளையை ஸ்டோர் ரூமில் ஒளித்து வைத்தான் சுரேஷ்குமார். ஏழ்மை குறைந்துவிடுமாம். கால் உடைந்த ஸ்டூல் ஒன்றை எங்கிருந்தோ தூக்கி வந்து நடுவில் போட்டான். என் லேபில் உடைந்த ஸ்டூல் ஒன்றுகூடக் கிடையாது.

பிறகு லைட்டையெல்லாம் அணைக்கச் சொன்னான். வெளியே பனிமூட்டம், அறை முழுக்க இருட்டு. அதுதான் மூடு என்றான். ஷாஜினி காலி மேஜையைத் தடவிக்கொண்டு மெதுவாக நடந்தாள். மூன்று டேக்.

"சார், நீங்க பின்னாடி பீரோகிட்ட போய்க் கொஞ்சம் சோகமா நில்லுங்க. பதினெட்டு வருச அனுபவம், கையில ஒண்ணுமில்ல, அந்த மாதிரி."

நின்றேன். ஐம்பத்திரண்டு வயதில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வேலைக்காக சோகமாக நின்றேன். என்ன பொழப்பு இது?

செப்டம்பர் 20, வெள்ளி

இங்கே வெள்ளிதான் சர்ச். திரும்பும்போது இன்பமணிக்கு வீடியோவைக் காட்டினேன். என் மனைவி இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ், ஐ.சி.யூ. டூட்டி. பாதியிலேயே போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"அப்ப பீரோவுல இருக்கியது?"

அவளுக்குத் தெரியும். அந்தப் பெட்டிகள் வந்த அன்றே பெருமையாகச் சொன்னவன் நான்தான். அதெல்லாம் பிள்ளைகள் தொடுகிற சாமான் இல்லை, உடைத்துப் போடுவார்கள் என்றேன்.

"எங்க வார்டுல மானிட்டர உடைஞ்சிரும்னு பூட்டி வச்சா ஆளு செத்துல்லா போவாவ."

ஆஸ்பத்திரியும் ஸ்கூலும் ஒன்றா? நர்ஸுகளுக்கு உலகமே ஒரு வார்டு. மீன் வாங்கிக்கொண்டு வந்தோம்.

அக்டோபர் 3, வியாழன்

வீடியோவுக்கு நானூற்றுப் பன்னிரண்டு லைக். பாதி ஈரோட்டிலிருந்து.

அக்டோபர் 14, திங்கள்

கடைசிச் சுற்று ஆறு ஸ்கூலில் நாமும் ஒன்று. சுரேஷ்குமார் ஸ்டாஃப் ரூமில் லட்டு கொடுத்தான். பத்மா மேடம் என்னைப் பார்த்துச் சிரித்தார். "உங்க முகத்துல அந்த ஃபீலிங் நல்லா வந்திருக்கு சார்" என்றார். லட்டு நன்றாக இருந்தது. அல்ப சந்தோஷம்தான், ஆனால் சந்தோஷம். சாயங்காலம் ஏப்ரல் மாதத்துக்கான காம்பொனென்ட் லிஸ்ட் எழுத ஆரம்பித்தேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

மெயில் வந்துவிட்டது. பிரின்சிபாலுக்கும் சுரேஷ்குமாருக்கும் வந்ததை அவன் பிரிண்ட் எடுத்து என் மேஜையில் வைத்தான். இன்று ஓடி வரவில்லை.

இங்கிலீஷில் மரியாதையாக எழுதியிருந்தார்கள். உங்கள் வீடியோ எங்களை நெகிழச் செய்தது. ஆனால் ஒரு நிமிடம் நாற்பத்திரண்டாவது விநாடியில், ஆசிரியருக்குப் பின்னால் வெளிச்சமாகத் தெரியும் அலமாரியில் நான்கு ஆசிலோஸ்கோப்புகள் உள்ளன. அவை எங்கள் நிறுவனமே ஏழு ஆண்டுகளுக்கு முன் விற்றவை. பெட்டியின் சீல் இன்னும் பிரிக்கப்படவில்லை. அவற்றை முதலில் பயன்படுத்திப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். பரிசு அஜ்மான் ஸ்கூலுக்கு.

வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்தேன். பகலில் அந்தக் கண்ணாடி வெறும் கண்ணாடிதான், ஜன்னல் வெளிச்சம் பட்டு உள்ளே ஒன்றும் தெரியாது. லைட்டை அணைத்ததும் என் பல்பு மட்டும் எரிகிறது. துணிக்கடை ஷோகேஸ் மாதிரி நான்கு பெட்டியும் பளிச்சென்று, கம்பெனி பெயரோடு. அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லாதவன் முகத்தோடு நான்.

ஐந்து பேர் எடிட் பண்ணும்போது பார்த்தார்கள். நானே இருபது தடவை பார்த்தேன். என் மூஞ்சியைத்தான் பார்த்திருக்கேன்.

அக்டோபர் 23, புதன்

பத்மா மேடம் வந்தார். சுரேஷ்குமார் பின்னால் நின்றான்.

"திறங்க."

திறந்தேன். முதல் பெட்டியின் சீலை என் கையாலேயே பிரிக்கச் சொன்னார். டேப் அப்படியே பொடியாக உதிர்ந்தது.

"இத ஏழு வருஷமா வெச்சிருந்தீங்களா?"

"பத்திரமா வச்சிருந்தேன் மேடம்."

"யாருக்கு?"

நான் அடுத்த பெட்டியை எடுத்து டேப்பைப் பிரித்தேன். 

மூன்று பெட்டியில் இருந்தவை நன்றாக ஓடின. பல்புக்குப் பக்கத்தில் இருந்த நான்காவதை எடுத்தபோது விரல் ஒட்டியது. சர்க்யூட்டில் தொட்டு அளக்கிற ப்ரோப் ஒயர்களின் ரப்பர் சூட்டில் இளகி, ஒன்றோடொன்று சேர்ந்து கருப்புப் பசையாகக் கிடந்தது. ஈரம் தொடவில்லை. ஏழு கரீஃபாக நான் காய வைத்த சூடுதான் தின்றிருக்கிறது.

"மார்ச்சுன்னு சொன்னேன். இப்பவும் மார்ச்சுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சுரேஷ்குமார் மட்டும் நின்றான். "எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமுங்க சார்." அவன் முகத்தில் கோபம்கூட இல்லை. நான்கு வருடமாக நான் இளக்காரம் பண்ணின பையன், இந்த அறைக்காக ஈரோட்டில் வீடு வீடாக போன் போட்டு லைக் கேட்டிருக்கிறான். நான் என்ன செய்தேன்? பீரோ சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு அவன் தமிழில் குற்றம் கண்டுபிடித்தேன்.

அக்டோபர் 24, வியாழன்

லீவு போட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை.

அக்டோபர் 27, ஞாயிறு

பிளஸ் டூ பிராக்டிகல். மூன்று ஆசிலோஸ்கோப்பையும் மேஜையில் வைத்துவிட்டு நான் கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.  ஒருத்தன் நாபைத் திருகிய வேகத்தைப் பார்த்து இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினேன்.

யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பதினேழு வயது, பரீட்சையில் ஆசிலோஸ்கோப்பின் படம் வரைந்து பாகம் குறிப்பவர்கள், எந்த பட்டனை அமுக்கினால் அது உயிர் பெறும் என்று தெரியாமல் நின்றார்கள். இவர்கள் மக்கு என்று இத்தனை நாள் இந்த நோட்டில் எழுதி வந்திருக்கிறேன். மக்காக வைத்திருந்தவன் நான்.

ஷாஜினி ஒரு மைக்கைக் கோர்த்து "ஹலோ" என்றாள். திரையில் கோடு எழுந்து விழுந்தது. "சார், என் வாய்ஸ்" என்றாள்.  என்னைக் குத்திக்காட்ட அவளுக்கு நல்ல சந்தர்ப்பம், அதை விட்டுவிட்டாள்.

நவம்பர் 12, செவ்வாய்

அஜ்மான் ஸ்கூலுக்கு மெயில் போட்டேன். அந்த டிவி சர்க்யூட்டை எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டு. என் பெயருக்குக் கீழே அனுபவம், பதவி எதுவும் போடவில்லை. ஒரு மணி நேரத்தில் அந்தச் சிறுசுகளில் ஒன்று பதில் போட்டது, கையால் வரைந்த படத்தோடு. படத்தில் ஒரு தப்பு இருக்கிறது. சொல்லலாமா என்று யோசிக்கிறேன். மரியாதையாகச் சொல்ல வேண்டும், அதுதான் எனக்குப் பழக்கமில்லை.

ஜனவரி 28, செவ்வாய்

ரோபோடிக்ஸ்காரர்கள் அறையை அளக்க டேப்போடு வந்தார்கள். உள்ளே கிளாஸ் நடந்துகொண்டிருந்தது. வெளியே பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்கள், அடுத்த பீரியடும் கிளாஸ் என்றதும் போய்விட்டார்கள். பத்மா மேடம் அவர்களைத் திரும்ப எப்போது வரச் சொன்னார், சொன்னாரா, எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை.

மதியம் ஷாஜினி வந்து நின்றாள். உள்ளங்கையில் ப்ரோப்பின் முனை, தனியாக.

"சாரி சார். புல் பண்ணிட்டேன். லெட்டர் எழுதிக் குடுக்கணுமா?"

2016-ல் நான் நின்ற மாதிரியே நின்றாள்.

"வேண்டாம் மக்கா. நான் எழுதிக்கிடுதேன். நீ போய் வேற ப்ரோப் எடு, பீரோ திறந்துதான் கிடக்கு."

ஸ்டாக் ரெஜிஸ்டரை எடுத்தேன். 'உடைந்தவை' பக்கத்தில் எட்டு வருடமாக ஒரு வரி கிடையாது. வருடா வருடம் ஆடிட்டருக்கு அந்தப் பக்கத்தைத்தான் பெருமையாகத் திருப்பிக் காட்டுவேன். தேதி எழுதினேன். பொருள்: ஆசிலோஸ்கோப் ப்ரோப், ஒன்று. உடைத்தவர் பெயர் என்ற இடத்தில் கோடு போட்டேன். காரணம் என்ற இடத்தில் 'உபயோகித்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, பிரின்சிபால் ரூமுக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

படித்தார். என்னைப் பார்த்தார். கீழே அவரும் கையெழுத்துப் போட்டார்.